புயலுக்கு ஒரு டார்ச்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் உறவுக்காரர்களில் யாராவது போன் போட்டு, "புயலுக்குன்னு ஒரு டார்ச் லைட் வாங்கி வைக்கலாம்னு இருக்கோம், எது வாங்கட்டும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கஜா புயலைக் கண்ட வீடு என்பதால் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வெளிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன பேட்டரி என்று பாருங்கள். வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் சும்மா கிடந்துவிட்டு, வேண்டிய ராத்திரியில் அது எரிய வேண்டும். பேட்டரி தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையில் மாற்று கிடைக்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறினால் 200 ரூபாய் டார்ச் போதும்.

கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். முதல் நாள் சாயங்காலமே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரியில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. தென்னைகளின் கணக்கு வேறு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. உள்ளடங்கிய சில ஊர்களுக்கு இன்னும் தாமதம். புயலுக்கு வாங்கும் விளக்கு என்றால் ஒரு ராத்திரிக்கான விளக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காற்று அடங்கியதற்குப் பிறகு வரும் ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் விளக்குக்குக் குறைவில்லை. சுவரில் செருகிச் சார்ஜ் போடும் டார்ச் ஒன்று, அதன் பின்பக்கத்திலேயே இரண்டு முள் இருக்கும். டியூப் லைட் மாதிரி எரியும் எமர்ஜென்சி லைட் ஒன்று. மாமா, அதாவது என் மாமனார், தோப்புக்கு எடுத்துப்போகும், மூணு பெரிய கட்டை (உருளை பேட்டரி) போட்ட அலுமினிய டார்ச். பையனுக்குத் திருவிழாவில் வாங்கிய, இரண்டு பென்சில் பேட்டரி (ஏஏ அளவு) போடும் குட்டி பிளாஸ்டிக் டார்ச். அப்புறம் ஆளுக்கொரு போன்.

காற்று பலமாக வீசத் தொடங்கியபோது முதலில் கைக்கு வந்தது எமர்ஜென்சி லைட். சுவிட்சைப் போட்டதும் மங்கலாக ஒரு சிவப்பு, அத்தோடு அணைந்துவிட்டது. சார்ஜ் டார்ச் நன்றாகப் பளிச்சென்று ஆரம்பித்தது. சமையல்கட்டு ஓடு பறக்க ஆரம்பிப்பதற்குள் அதன் வெளிச்சம் மஞ்சளாகி, விளக்கு எரிகிறதா என்று முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. மிஞ்சியது மாமாவின் டார்ச்சும் பையனின் டார்ச்சும்தான். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். மாமாவின் டார்ச் எரிந்ததற்குக் காரணம் அது அன்றாடம் புழங்கிய டார்ச் என்பதுதான். அப்போது எங்கள் பக்கம் பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் பல நாள் ராத்திரியில் வரும். மோட்டார் போடப் போகிற ஆள் கையில் எரியாத டார்ச் இருக்காது. எடுத்து வைத்திருந்த விளக்குகள் கைவிட்டன, எடுத்துப் புழங்கிய விளக்கு நின்றது.

எங்களுடையது ஓட்டு வீடு. பின்கட்டு ஓடு போனதும், எதிர்வரிசையில் தளம் போட்ட வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினோம். நாற்பது ஐம்பது அடி தூரம்தான். அதற்குள் ஒரு முருங்கை, ஒரு தென்னை, வேலித் தகரம், எல்லாம் குறுக்கே கிடந்தன. அத்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான். முன்னால் மாமா. பாதி வழியில், "நில்லுங்க, யாரும் அடி எடுத்து வைக்காதீங்க" என்று சத்தம் போட்டார். தென்னை மட்டையின் மேலே, மட்டையோடு மட்டையாக, நனைந்த கருப்பு வயர் ஒன்று வீட்டு இணைப்பிலிருந்து அறுந்து கிடந்தது. அதன் முனையில் ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அந்தச் செம்பு நிறம்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. கரண்ட் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யாராவது ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ தப்பாக இணைத்திருந்தால் அறுந்த கம்பியில் மின்சாரம் வரலாம். சுற்றிக்கொண்டு போனோம். போன் வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது. போன் டார்ச் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது. மழையில் அந்தப் போனை எத்தனை நேரம் வெளியே நீட்டிக்கொண்டு நடக்க முடியும் என்பது வேறு விஷயம்.

விடிந்து பார்த்தால் செல்போன் டவரும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் போன் சார்ஜ் என்பதே தனி அலைச்சலாகிவிட்டது. டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, காசு வாங்கிக்கொண்டு தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். போன்களுக்கும் சார்ஜ் போட்டார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிய போனின் சார்ஜைக் கழிப்பறைக்குப் போக வெளிச்சமாகச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது.

கடை திறந்த முதல் நாளே பெரிய கட்டை தீர்ந்துவிட்டது. எல்லோர் வீட்டிலும் பழைய டார்ச் அதுதானே. மெழுகுவர்த்தியும் தீர்ந்தது. ஆனால் பென்சில் பேட்டரி அட்டை மட்டும் கடை வாசலில் தொங்கிக்கொண்டே இருந்தது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்தான் அது என்று ஊர் பழகியிருந்தது. பையனின் குட்டி டார்ச்சுக்கு அதுவே போதும். கடையில் வாங்குவதற்கு முன்னால் வீட்டுச் சுவரிலேயே கடிகாரம் இருந்தது. அதிலிருந்து ஒன்று, நின்றுபோன இன்னொரு கடிகாரத்திலிருந்து ஒன்று. அந்தக் குட்டி டார்ச்தான் பாத்ரூமுக்கும், அடுப்படிக்கும், ராத்திரி பிள்ளை எழுந்தால் பார்க்கவும், கரண்ட் வரும்வரை எங்களோடு ஓடியது.

நிலைமை சரியான பிறகு பட்டுக்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "கட்டை போடுற லைட்டு காட்டுங்கண்ணே" என்றேன்.

"அதெல்லாம் இப்ப யாருக்கா கேக்குறா? எல்லாம் சார்ஜ் போடுறதுதான் போகுது. இதப் பாருங்க, ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும்."

"ரெண்டு கிலோமீட்டர்ல எனக்கு என்னண்ணே வேலை? கொல்லை வரைக்கும் தெரிஞ்சா போதும். ஒரு வருஷம் சும்மா வெச்சிருந்துட்டு எடுத்தா எரியுமா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "மாசம் ஒருக்கா சார்ஜ் போட்டாத்தான் நிக்கும்க்கா." பிறகு உள்ளே போய், தூசி படிந்த டப்பாவிலிருந்து இரண்டு பென்சில் பேட்டரி போடும் டார்ச் எடுத்து வந்தார். அதைத்தான் வாங்கினேன்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சுவரில் செருகும் மலிவு டார்ச்சுகளிலும் எமர்ஜென்சி லைட்டுகளிலும் பெரும்பாலும் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. பைக்கில் இருக்கும் பேட்டரியின் குட்டி வடிவம், மூடி அடைத்தது. ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மெதுவாகச் சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையில் அப்படியே விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அது பழைய அளவைப் பிடிக்காது. எங்கள் எமர்ஜென்சி லைட்டுக்கு நேர்ந்தது அதுதான். அன்றாடம் கரண்ட் போய் வரும் வீட்டில், எப்போதும் சார்ஜில் புழங்கும் விளக்காக இது உழைக்கும். பெட்டிக்குள் வைத்து மறந்துவிடும் விளக்குக்கு இதைவிடப் பொருந்தாத பேட்டரி கிடையாது. கடையில் கண்டுபிடிப்பது சுலபம்: அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும், அட்டையில் 4 வோல்ட் என்று போட்டிருக்கும்.

யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏறும் டார்ச்சுகளில் இருப்பது லித்தியம் அயான். இது எவ்வளவோ மேல். சார்ஜ் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, எடையும் குறைவு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு வைத்தால் நம்பலாம். ஆனால் இதிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி உள்ளேயே ஒட்டி வைத்திருந்தால், அது போனால் டார்ச்சும் போய்விடும். கழற்ற முடிகிற வகையில் பெரும்பாலும் 18650 என்ற அளவு பேட்டரி இருக்கும், 18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண். இந்த அளவில் நல்ல கம்பெனிகள் தரும் கொள்ளளவே வழக்கமாக 3500 மில்லி ஆம்பியர் மணி வரைதான். 9900 என்று அச்சடித்து வருவதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அந்த உருளைக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது. பேட்டரியின் மேலேயே பொய் எழுதுகிறவன், உள்ளே பாதுகாப்புக்கு என்ன செய்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரி மோசமானதாக இருந்தால் வீங்கும், தீயும் பிடிக்கும். நம் நாட்டில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணயப் பதிவு கட்டாயம்; ஐஎஸ் 16046 என்ற எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். அது இல்லாததைப் பிள்ளைகள் படுக்கும் அறையில் சார்ஜ் போட்டு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே பெட்டிக்குப் பென்சில் பேட்டரி. இதிலும் இரண்டு வகை. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைப்பது சாதாரண துத்தநாக கார்பன் பேட்டரி. அடுத்தது ஆல்கலைன், விலை இரண்டு மூன்று மடங்கு, ஆனால் டார்ச்சில் அதைவிடக் கூடுதலாகவே உழைக்கும், சும்மா கிடந்தாலும் பல வருஷம் தாங்கும். பெட்டியில் வைப்பது ஆல்கலைனாக இருக்கட்டும். அவசரத்துக்குக் கடையில் சாதாரணதுதான் கிடைத்தால் அதே டார்ச்சில் போட்டுக்கொள்ளலாம், அளவு ஒன்றுதான். சில ரிமோட்டுகளில் போடும், இன்னும் மெல்லிய பென்சில் பேட்டரி (ஏஏஏ அளவு) மூன்றை ஒரு கூட்டில் செருகும் டார்ச்சுகளும் நிறைய வருகின்றன. அதை நான் தவிர்ப்பேன். அந்தப் பேட்டரியில் சரக்கு பாதிகூட இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கூட்டின் சின்ன ஸ்பிரிங் ஒன்று துருப்பிடித்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒரு கணக்கு மட்டும் தெரிந்துகொண்டால் அட்டையில் போட்டிருக்கும் எந்தப் பொய்யும் நம்மிடம் எடுபடாது. ஓர் ஆல்கலைன் பென்சில் பேட்டரியில் சுமார் 3 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. இரண்டு போட்டால் 6. டார்ச்சின் சர்க்யூட்டில் கொஞ்சம் வீணாகும், 5 என்று வைத்துக்கொள்வோம். சுமாரான எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். அப்படியென்றால் 100 லூமெனில் எரித்தால் 5 மணி நேரம். 20 லூமெனில் எரித்தால் 25 மணி நேரம், அதாவது ராத்திரிக்கு ஐந்தாறு மணி நேரம் என்றால் நாலைந்து ராத்திரி. இரண்டு பேட்டரியில் ஆயிரம் லூமென், இருபது மணி நேரம் என்று அட்டையில் பார்த்தால் டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

20 லூமென் என்பது குறைவாகத் தோன்றும். இருட்டுக்குக் கண் பழகிய பிறகு வீட்டுக்குள் அது தாராளம். சமைக்க, பாத்திரம் தேய்க்க, பிள்ளைக்கு மருந்து அளந்து ஊற்ற, எல்லாவற்றுக்கும் போதும். அதிக வெளிச்சம் ஒரு தொல்லையும்கூட. ஒருமுறை பளீரென்று பார்த்துவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். வெளியே நடக்க 60 முதல் 100 லூமென் இருந்தால் காலடியும் தெரியும், பத்து இருபது அடி முன்னாலும் தெரியும். அதனால் குறைவு, அதிகம் என்று இரண்டே நிலை இருக்கும் டார்ச் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். தளம் போட்ட வீடு என்றால் டார்ச்சை நிமிர்த்தி மேலே பார்க்க வைத்தால் வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் பரவும். ஓட்டு வீட்டில் அது நடக்காது, கருத்த ஓடு வெளிச்சத்தைக் குடித்துவிடும். அங்கே வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் விரித்துப் போட்டு அதன் மேல் அடித்தோம்; சாப்பிட உட்கார அது போதுமானதாக இருந்தது.

நல்ல கம்பெனி அட்டைகளில் போட்டிருக்கும் தூரத்தையும் நேரத்தையும்கூடப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். சர்வதேச அளவில் பின்பற்றப்படும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்-1 என்ற டார்ச் அளவீட்டு முறைப்படி, இத்தனை மீட்டர் என்றால் அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலவு அளவு வெளிச்சம்தான் விழும் என்று அர்த்தம். இத்தனை மணி நேரம் என்றால் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை என்று அர்த்தம். கடைசி வரை ஒரே மாதிரி எரியும் என்று யாரும் சொல்லவில்லை.

தலையை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கிற டார்ச் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இழுக்கிற இடம் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். குவித்தால் ஒரு சதுரத் துண்டு மட்டும் தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று தெரிவதில்லை. புயலுக்குப் பிறகு நமக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பக்கம்தான். சாய்ந்த மரமும் மட்டைக் குவியலும் கிடக்கிற தோப்பில் பாம்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ராத்திரியில் நடமாடும் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களுக்குக் கடித்தது தெரியாமலே போய்விடுகிறது. பள்ளிக்கூடத்து முகாமில் தங்கியிருந்தவர்களும் சரி, நாங்களும் சரி, பாயை உதறி, மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அகலமாகப் பரவி, நடுவில் கொஞ்சம் அழுத்தமாக விழும் வெளிச்சம்தான் இதற்கு வேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளையும் இளமஞ்சள் வெள்ளையும் இரண்டும் கடையில் இருந்தால் இளமஞ்சளை எடுங்கள். செம்பு, ரத்தம், மண், சருகு எல்லாம் அவற்றின் நிறத்தில் தெரியும்.

சுவிட்ச் பற்றிச் சொல்ல வேண்டும். மலிவு டார்ச்சுகளில் ஒரே பொத்தானை அழுத்த அழுத்த அதிகம், குறைவு, மின்னி மின்னி எரிவது, அபாய சமிக்ஞை என்று நாலைந்து நிலைகள் வரும். அத்தைக்கு அது மின்ன ஆரம்பித்தால் தலை சுற்றும், அணைக்கவும் தெரியாது. ஆகையால் நான் வாங்கும்போது கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு போட்டு அணைத்துப் பார்ப்பேன். வீட்டிலேயே வயதில் மூத்தவரும் சின்னவரும் யாரும் சொல்லித்தராமல் போட முடிந்தால் அது நல்ல சுவிட்ச். தொட்டால் எரியும் மின்னணு சுவிட்ச் என்றால் அணைந்திருக்கும்போதும் பேட்டரியைத் துளித் துளியாகக் குடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அழுத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்கிற பழைய பாணி சுவிட்சில் அந்தக் கவலை இல்லை.

தண்ணீர் விஷயத்தில் அட்டையில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் சாரல், மழை தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். 200 ரூபாய் டார்ச்சில் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துவிடலாம். பேட்டரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த காகிதத்தைச் சுருட்டி வைத்து, இறுக்கி மூடி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். காகிதம் நனைந்திருந்தால் இது வீட்டுக்குள் புழங்கும் டார்ச், வெளியே போகும்போது பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

வாங்குவதைவிட வைப்பதில்தான் கவனம் தேவை. சாதாரண பேட்டரியின் துத்தநாக உறையே மின்சாரம் தரத் தரக் கரைகிற பொருள். தீர்ந்த பேட்டரியை டார்ச்சுக்குள் விட்டுவைத்தால் உறை ஓட்டையாகி உள்ளிருக்கும் ரசாயனம் கசியும். ஆல்கலைனும் கசியும், வெள்ளை உப்பாகப் பூக்கும். அதனால் பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல், தனியே ஒரு ஜிப் உறையில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டி வைக்கிறேன். இருட்டில் பேட்டரி போடத் தடுமாறுவார்கள் என்று நினைத்தால் உள்ளேயே போட்டு, பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாடாவைச் செருகி, நுனி வெளியே தெரிய விடலாம், இழுத்தால் எரியும். ஏற்கெனவே ஆல்கலைன் கசிந்த டார்ச் இருந்தால் எறியாதீர்கள். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ துணியில் தொட்டு அந்த வெள்ளை உப்பைத் துடைத்து, நன்றாகக் காய வைத்து, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். எங்களைப் போலக் கடல்காற்று படும் ஊரில் ஸ்பிரிங் சும்மாவே துருவேறும், வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் தேய்ப்பு அவசியம். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துப் போடக்கூடாது. வலு குறைந்தது சீக்கிரம் தீர்ந்து, கசிவதற்கு வழி செய்யும்.

எப்போது சரிபார்ப்பது என்பதற்கு எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, மோட்டார், சைக்கிள் எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கும் அன்றைக்கே டார்ச்சுகளும் வெளியே வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சரியாக அமைந்த நாள். பேட்டரி மேல் அச்சடித்த காலாவதித் தேதியைப் பார்த்து, இன்னும் ஒரு வருஷம்கூட இல்லாதவற்றைக் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டுப் பெட்டிக்குப் புதியவை வைப்பேன். டார்ச் மேல் சைக்கிளில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் ஒரு துண்டு, போனின் திரை வெளிச்சம் பட்டாலே அது மின்னிக் காட்டிக்கொடுக்கும். அதற்குக் கீழே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 எழுதி டேப் ஒட்டியிருக்கிறோம். பெட்டி வேறு எங்கே இருந்தாலும் ஒரு டார்ச் மட்டும் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய டார்ச்சுக்கு சாவி தேட இன்னொரு டார்ச் வேண்டியிருக்கும்.

விலை கூடிய ஒன்று வாங்குவதைவிட மலிவான இரண்டு வாங்கலாம் என்பது என் கட்சி. அதில் ஒன்று தலையில் மாட்டும் லைட்டாக இருந்தால் இன்னும் நல்லது. கூரை மேல் தார்ப்பாய் கட்ட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க, இரண்டு கையும் வேண்டும். தார்ப்பாய் கட்டுகிறவருக்குக் கீழே நின்று டார்ச் பிடிக்க ஆள் எப்போதும் இருப்பதில்லை. கொட்டும் மழையில் மட்டும் தலை லைட் அவ்வளவு சரிப்படாது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போவதால் மழைத்துளியெல்லாம் பளிச்சிட்டு முன்னால் இருப்பதை மறைக்கும். அப்போது அதைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்தால் வழி தெரியும்.

மெழுகுவர்த்தி, சிம்னி விளக்கு பற்றிக் கேட்கிறவர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். கீற்றுக் கொட்டகை, உலர்ந்த மட்டை, இடம் மாறிக் கிடக்கும் கேஸ் சிலிண்டர், ஓடி விளையாடும் பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவில் காற்றடிக்கும் ராத்திரியில் நெருப்பு தேவையில்லை. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கு கையில் இருந்தால் நல்லதுதான், வெயில் முகம் காட்டிய பிறகு அது உதவும். மூடிக் கிடக்கும் முதல் சில நாட்களுக்கு அதை நம்ப முடியாது.

சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அவள் வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தாள். கீழ்த்தளத்தில் தண்ணீர், லிஃப்ட் இல்லை, ஜெனரேட்டரும் கீழேதான் இருந்தது, மாடிப்படியில் கும்மிருட்டு. அவளுக்குக் கட்டை கிடைக்கும் பெட்டிக்கடையே இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால். ஆனால் வீட்டில் பவர் பேங்க் இரண்டு இருந்தன, லேப்டாப் இருந்தது. அவளுக்கு டைப்-சி வயரில் சார்ஜ் ஏறும் லித்தியம் டார்ச்தான் சரி. போனுக்கும் அதற்கும் ஒரே வயர் போதும், பவர் பேங்க்கிலிருந்து பல முறை ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஒன்று வாங்கச் சொன்னேன். காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒரு தேதி வட்டம் போட்டுச் சார்ஜ் ஏற்றுகிறாள். அதோடு இங்கிருந்து பென்சில் பேட்டரி டார்ச் ஒன்றும், பிரிக்காத ஆல்கலைன் நான்கும் அனுப்பி வைத்தேன். அதை அவள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கீழே வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்து, எப்படிப் பேட்டரி போடுவது என்று காட்டியிருக்கிறாள். தண்ணீர் ஏற ஆரம்பித்தால் முதலில் அதைப் பார்ப்பவர் அவர், எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவதற்கு இருட்டில் படி ஏற வேண்டியவரும் அவர்தான்.